ஆத்தா முன்னால் மாமா செய்த சத்தியம்

எங்கள் மாமா பொய் சொல்வதை யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை. ஜோகூர் ஆற்றில் ஒரு முதலையை வாலைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டேன் என்பார். அடுத்த முறை அது இரண்டு முதலையாகியிருக்கும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். பெற்றவர்கள் ஜோகூர் ரப்பர் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது எனக்குச் சின்னம்மை போட்டது. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, மாரியாத்தாவே வீட்டுக்குள் வந்துவிட்டதாக எல்லோரும் அடக்கமாகப் பேசினார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. என்னை அப்போது யாரும் சனியனே என்று திட்ட முடியாது அல்லவா?

பிரசவம் பார்க்க வரும் நர்ஸம்மாதான் கலகத்தை ஆரம்பித்தார். "உனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்காம்மா?"

அம்மாவுக்கு நினைவில்லை.

"போட்டிருந்தா பயமில்ல. பெரும்பாலும் திரும்ப வராது, வயித்துல இருக்கற பிள்ளைக்கும் அந்தக் காப்பு உண்டு. போடாம இருந்து, இப்ப பிரசவ நேரத்துல உனக்கு வந்துட்டா, பொறக்கற பிள்ளை தாங்காது."

அப்பா அன்றே அம்மாவை தூரத்துக் கிராமமான பிடோக் கம்பத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார். என்னை அவரே பார்த்துக்கொள்வாராம். கஞ்சி வைக்கக்கூடத் தெரியாத மனிதர். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்ற விவரம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் என்பதால், வேறு வழியின்றி, தேக்காவில் குடியிருந்த மாமாவை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள்.

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவின் துணி மூட்டையைப் பார்த்தார்.

"வந்துச்சு மாப்பிள்ள! எனக்கும் தங்கச்சிக்கும் ஒண்ணாத்தான் போட்டுச்சு. ஒரே பாய்லதான் கெடந்தோம் லா."

"மச்சான், இது முதலைக் கதை இல்ல," என்றார் அப்பா.

மாமா வேப்பிலைக் கொத்தைத் தொட்டார். "ஆத்தா மேல சத்தியம்."

அப்பா அடங்கிவிட்டார். ஆத்தா வந்திருக்கும் வீட்டில், அவள் இலையைத் தொட்டு, எவனாவது பொய் சொல்வானா? மூட்டை அவிழ்க்கப்பட்டது. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிவிட்டாள். அம்மைக்கு அஞ்சாதவர் என்ற முறையில் மாமாவும் தினமும் இளநீரோடு வந்து, நான் குடித்து வைத்த மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போவார். அவர்மேல் எனக்கு உயிர்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நான் ஓடியாடத் தொடங்கிய சமயத்தில் தேக்காவிலிருந்து செய்தி வந்தது. மாமாவுக்கு அம்மை போட்டிருக்கிறது! ஆத்தா இப்போது அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் கைதட்டிச் சிரித்தேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு இப்போதுதான் வருகிறதென்றால், இருவருக்கும் ஒன்றாக வந்த கதை பொய். இனி அந்த ஆளின் பேச்சை எடுக்கக்கூடாது என்றார் அப்பா. அம்மா காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கையையும் காலையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

ஒரு கொப்புளமும் வரவில்லை. தம்பி உடம்பில் ஒரு புள்ளி இல்லாமல் பிறந்தான். "உனக்கு எப்பவோ வந்துதான் இருக்கும்மா. அந்தக் காப்புலதான் இவனும் தப்பிச்சான்," என்றார் நர்ஸம்மா. மாமாவின் பொய்யில் பாதி, அவருக்கே தெரியாமல், உண்மையாக இருந்திருக்கிறது.

தழும்பு மறையாத முகத்தோடு மாமா ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றார். "அன்னிக்கு உன்ன விடமாட்டேன்னு புள்ள அப்படி அழுதுச்சு தங்கச்சி. மனசு கேக்கல," என்றார். அம்மா எழுந்துபோய் அவர் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். பிறகு அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, தம்பியைத் தூக்கி அவர் மடியில் போட்டாள்.

மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மாவுக்குக் கனத்த கை. அடி பலமாக விழுந்துவிட்டது என்று நினைத்து, நான் தைலப் புட்டியை எடுத்துவர ஓடினேன்.