மாடு வந்திருக்குதுங்க!

இன்று காலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக் குடிலில் என் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு மூன்று வருடமாக வெறும் இலையும் வேருமாக இருந்த செடி. இப்போதுதான் முதல் மொட்டு. குன்னூர்க் குளிர்காற்று பட்டால் பழுத்து உதிர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டு செல்வியக்கா கத்தினார்: “ஏனுங்க, மாடு வந்திருக்குதுங்க!”

அவர் வீட்டுப் பசு எங்கள் முட்டைக்கோஸை மேய்வது வாடிக்கைதான். பனி படிந்த கண்ணாடியில் வெளியே எதுவும் தெரியவில்லை. “ஏய், போ!” என்று குடில் கதவை விரியத் திறந்தேன்.

பத்தடி தூரத்தில் காட்டெருமை.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒருமுறை சீறியது. கதவை மூடினால் துருப்பிடித்த கீல் கிறீச்சிடும். மூடாவிட்டால் மொட்டு போய்விடும். மெதுவாக ஸ்வெட்டரைக் கழற்றிச் செடிக்குப் போர்த்திவிட்டு, நடுங்கிக்கொண்டே நின்றேன். குளிரிலா பயத்திலா என்று கேட்காதீர்கள்.

கால் மணி நேரம். முட்டைக்கோஸ் தீர்ந்ததும் அது வேலியை மிதித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனது.

செல்வியக்கா ஓடி வந்தார். “அத்தன கத்துக் கத்துனேன், எதுக்குங்க கதவத் தெறந்தீங்க?”

“உங்க பசுன்னு நெனச்சேங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. “எங்க லட்சுமிய நான் என்னைக்குங்க மாடுன்னு சொல்லியிருக்கேன்? இந்த ஊர்ல மாடுன்னா காட்டெருமைதானுங்க!”

மொட்டு பத்திரமாக இருக்கிறது. செல்வியக்காதான் பேசவில்லை.

உங்கள் தெருவில் ‘மாடு’ என்றால் எந்த மாடு? அடுத்த முறை கதவைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.