ஏரிக்குள் எடுத்த பாலைவனம்

காலை ஆறு இருபதுக்குக் குளியலறைத் தரையில் இருந்த சல்லடை மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. 'அப்பாடா' என்று நான் காபிக்குப் பால் வைத்திருந்தேன். மூடியை நகர்த்திவிட்டுத் தண்ணீர் மேலே வந்தது. சத்தம் இல்லை, அவசரம் இல்லை. வெளியூர் போயிருந்த வீட்டுக்காரர் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வருவது போல வந்தது.

என் மகள் ஜெசிக்கு ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளை வேலை விஷயமாகப் பெங்களூர் போயிருந்ததால் நான் துணைக்கு வந்திருந்தேன். நெமிலிச்சேரிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே, நாலு வீடுகள் கொண்ட சின்ன அடுக்ககம். அவர்களுடையது தரைத்தளம். பால் பொங்குவதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அவளைக் கைத்தாங்கலாக மாடிப்படியில் ஏற்றி, முதல் தளத்து வாசலில் பாயைப் போட்டு உட்கார வைத்தேன். மேல் வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள்.

சாக்கடை நாற்றம் வரும் என்று முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தேன். வந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. வெயிலில் வெடித்த களிமண்ணில் தண்ணீர் இறங்கும்போது வருமே, கோரைக்கிழங்கை நசுக்கினாற்போல ஒரு குளிர்ந்த வாசனை. முப்பது வருடங்களுக்கு மேலாக அதை நான் முகர்ந்ததில்லை. அது எங்கள் ஊர் ஏரியின், சித்தேரியின் வாசனை.

மகளுக்கு வலி வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு ஒரு சினிமாப் படம் நினைவுக்கு வந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அந்தப் படத்தின் பெயரை எழுத மாட்டேன். அந்த மரியாதையை அதற்குத் தருவதாக இல்லை. இரண்டாம் உலகப் போர், ஆப்பிரிக்கப் பாலைவனம், எதிரி முகாமுக்குள் நுழைந்து ரகசியம் திருடும் இந்திய ஒற்றன். இதுதான் கதை. ஆப்பிரிக்காவுக்குப் போக அவர்களிடம் வசதி இல்லை. ராஜஸ்தானுக்குப் போகவும் இல்லை. பட்டாபிராமுக்கு வந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. முந்தைய வருடம் மழை ஏமாற்றியிருந்தது. சித்தேரி அடியோடு காய்ந்து, விளிம்பு முதல் விளிம்பு வரை வெள்ளையாகக் கிடந்தது. எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். ஒரு வேனும் இரண்டு லாரிகளும் கரைமேல் வந்து நின்றன. ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, மேடும் பள்ளமுமாகப் பரப்பினார்கள். கரையோரப் பனைமரங்களெல்லாம் பேரீச்சை மரங்கள் ஆயின. ஒட்டகம் கிடைக்கவில்லை போலும். ஒட்டுப்பலகையில் ஒட்டகங்களை வெட்டிப் பழுப்பு வண்ணம் அடித்து, மணல்மேட்டுக்குப் பின்னால் ஆட்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது, ஒரே ஒரு குறைதான்: அந்த ஒட்டகங்களுக்குக் கால் ஆடவே ஆடாது. பிறகு அவற்றில் ஒன்று கிராமத்தில் ஒருவர் வீட்டுக் குளியல் மறைப்பாக ரொம்ப காலம் நின்றது.

ராணுவ டாங்கியும் இருந்தது. தண்ணீர் லாரி ஒன்றின் மேல் பலகை அடித்து, முன்னால் ஒரு குழாயை நீட்டியிருந்தார்கள். இதை அவர்கள் ஆவடிப் பக்கத்தில் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் காலனியில் பாதி வீடுகளில் அப்பாக்கள் நிஜ டாங்கி செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். என் அப்பாவும்தான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு வேடிக்கை பார்க்கப் போனவர் அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டைரக்டர் காது கூர்மையானவர். அப்பா வேலை செய்யும் இடத்தை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "ஐயா, நிஜ டாங்கியில அந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் திரும்பும்? உள்ளே எத்தனை பேர் உட்காருவாங்க?" என்று கேட்டபடி பக்கத்தில் வந்தார்.

வேலையைப் பற்றி வீட்டிலேயே வாய் திறக்காத மனிதர் என் அப்பா. "அதெல்லாம் சொல்லக் கூடாது சார்" என்றார்.

"சும்மா ஒரு ஐடியாவுக்குத்தான்."

"என் வேலைக்கு உலை வைக்காதீங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "அவன் டைரக்டர் இல்லடி. உளவாளி. சினிமான்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கான்." அந்தப் படத்தில் இருந்ததைவிட அதிகமான உளவுக் கதை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓடியது. அம்மா ஒரு வாரம் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அவர்களில் பலர் சிப்பாய்களாக நடித்துக்கொண்டிருந்தார்கள். முக்கியமானவர் தேசப்பன். ஏரிக்குக் கீழே நெல் பயிரிட்ட குடும்பம் அவருடையது. அப்போது இருபது வயது இருக்கும். ஏரி நிறைந்திருந்த வருடங்களில் எங்களைப் போன்ற காலனிப் பிள்ளைகளுக்குக் கரையிலிருந்து தூண்டில் போடக் கற்றுக்கொடுத்த அண்ணன். என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். ஒல்லியாக, கன்னம் ஒட்டி இருந்ததால் டைரக்டருக்கு அவரைப் பிடித்துப்போனது. தாகத்தால் சாகும் சிப்பாய் வேடம் கொடுத்தார். மணலில் ஊர்ந்து வந்து, வானத்தைப் பார்த்து, "தண்ணி இல்லை... எங்கேயும் தண்ணி இல்லை..." என்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும்.

தேசப்பண்ணன் நன்றாகவே செத்தார். ஒவ்வொரு முறை செத்த பிறகும் எழுந்து ஓடிப்போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடிப்பார். "யோவ், உதடு ஈரமாயிடுச்சுய்யா! துடைச்சுட்டு மறுபடியும் சாவுய்யா!" என்று டைரக்டர் கத்துவார்.

மதியக் கூழ் கொண்டுவந்த அவருடைய அம்மா அங்கம்மா, தூக்குவாளியோடு நின்று இதைப் பார்த்தார். சாவதைப் பார்த்து அவர் பதறவில்லை. வசனத்தைக் கேட்டுத்தான் பதறினார்.

நம் வீடுகளில் அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி இல்லை' என்று சொல்ல மாட்டோம் அல்லவா? 'நிறைஞ்சிருக்கு' என்போம், இல்லாவிட்டால் 'வாங்கணும்' என்போம். உப்புக்கும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஏரிக்கும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. காய்ந்து கிடந்தாலும் 'ஏரி தூங்குது' என்பார்களே தவிர, உள்ளே நின்றுகொண்டு யாரும் தண்ணீர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

"டேய் தேசா! ஏரிக்குள்ள நின்னுகினு இன்னா பேச்சுடா பேசுற? வாயக் கழுவுடா!" என்று அவர் மணலில் இறங்கி வந்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பினார். "ஏன் நைனா, எம்புள்ளய சாவடிக்கிறியே, சாவடிச்சுக்கோ, சினிமாதான? ஆனா வேற எதுனா சொல்லச் சொல்லு. பசிக்குதுன்னு சொல்லச் சொல்லு. தண்ணி இல்லன்னு மட்டும் இங்க சொல்லக் கூடாது."

சிப்பாய்கள் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். "அம்மா, இது ஏரி இல்லம்மா. ஆப்பிரிக்கா" என்றார்.

நாங்கள் காலனிக்காரர்கள், வேத பாடமும் விஞ்ஞானமும் படித்தவர்கள், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஏரியைப் பற்றிச் சொன்னதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியவில்லை.

வசனம் ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரிய வைப்பது அவர்கள் கட்டிய குன்று. கதாநாயகன் தொலைநோக்கியோடு படுத்து எதிரி முகாமை வேவு பார்க்க ஒரு குன்று தேவைப்பட்டது. சித்தேரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஏரியைத் தொடும் வாயில்தான் கேமராவுக்குத் தோதாக இருந்ததாம். கோடை மழை வந்து பாலைவனம் நனைந்துவிடக் கூடாது என்ற கவலையும் இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் கான்கிரீட்டையும் லாரி லாரியாகக் கொட்டி, கால்வாயின் வாயை அடைத்து, மேலே மணல் பூசினார்கள். ஊர்ப் பெரியவர்கள் போய்க் கேட்டபோது, படக் கம்பெனி மேனேஜர் கும்பிட்டார். "படம் முடிஞ்ச கையோட அள்ளிட்டுப் போயிடுவோம் பெரியவரே. ஒண்ணு இருந்த சுவடே தெரியாது."

படம் முடிந்தது. வேன் போனது. குன்று அங்கேயே இருந்தது. ஐப்பசியில் நல்ல மழை. கால்வாயில் வந்த தண்ணீர் குன்றில் முட்டி, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி எங்கோ போனது. தேசப்பண்ணனும் நாலைந்து பேரும் மண்வெட்டியோடு போய்ப் பார்த்தார்கள். கான்கிரீட்டில் மண்வெட்டி என்ன செய்யும்? மனு கொடுத்தார்கள். 'மழை குறைவு' என்று பதில் வந்ததாம். குன்று ஒன்று இருக்கிறதே என்று அடுத்த வருடம் வேறு லாரிகளும் வந்து அங்கேயே கொட்டின. சித்தேரி தூங்கிக்கொண்டே இருந்தது. கீழே இருந்த நெல் வயல்கள் முதலில் வேர்க்கடலை ஆயின. பிறகு ஒன்றும் இல்லை.

நான் படித்து முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது ஏரிக்குள் ஷாமியானா போட்டிருந்தது. சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். மனை பார்க்க வந்தவர்களை வேனில் அழைத்து வந்து, இலையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாமியானாவுக்கு நடுவில் மேஜை, மேஜைமேல் டிவி, வீடியோ டெக். ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படம்.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் சந்தனப்பொட்டு வைத்து, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். "பாருங்க, நல்லாப் பாருங்க! நீங்க உக்காந்திருக்கிற பூமிதான் இது. அந்தக் காலத்துலயே சினிமாவுல வந்த பூமி. ஒரு சொட்டு ஈரம் தெரியுதா? அஸ்திவாரத்துக்கு இதைவிட நல்ல மண்ணு உண்டா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் போனேன். திரையில் எதிரி நாட்டுத் தளபதி நின்றிருந்தார். அவர் தொப்பிக்குப் பின்னால், தூரத்தில், மின்சார ரயில் ஒன்று போனது. "சார், அது அரக்கோணம் வண்டி. இது ஆப்பிரிக்கா இல்லை, எங்க சித்தேரி. இது ஏரி" என்றேன்.

அவர் அசரவில்லை. "தங்கச்சி சொன்னதைக் கேட்டீங்களா? ஸ்டேஷன் எவ்வளவு பக்கம்னு படத்துலயே தெரியுது!" என்றார்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தேசப்பண்ணன் முன்னே வந்தார். திரையில் அவர் மணலில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். தரையில் அவர் டிவியைக் கை நீட்டிக் காட்டினார். "தபார், அந்தப் படத்துல சாவுறது நான்தான். இது ஏரி. இதுல தண்ணி நின்னு நாங்க பயிர் வெச்சவங்க. நான் சொன்னது டயலாக்கு. அவன் சொல்லச் சொன்னான், சொன்னேன்."

மைக் பிடித்தவர் அவர் பக்கம் கையை நீட்டினார். "அடடே! நடிகரே நேர்ல வந்துட்டாரு! எல்லாரும் ஒரு தடவை ஜோரா கை தட்டுங்க!"

தட்டினார்கள். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், தட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். ஒரு அம்மா தன் குழந்தையை அவர் பக்கத்தில் நிறுத்தி, "அங்கிளுக்கு வணக்கம் சொல்லு" என்றார். பந்தியில் ஓர் இலையைப் போட்டுத் தேசப்பண்ணனையும் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போனார். அதன்பின் அவரோடு பேசும் சந்தர்ப்பம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

அந்தக் கற்களில் ஒன்றின் மேல்தான் என் மகளின் வீடு நிற்கிறது. பழைய மனை கை மாறிக் கை மாறி அடுக்ககம் ஆனபோது, அங்கே வாங்க வேண்டாம் என்று நான் மன்றாடினேன். "அம்மா, ரோடு இருக்கு, பேங்க் லோன் குடுக்குது. ஏரிக்கு யாராவது லோன் குடுப்பாங்களா?" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளை. அவர் பிறந்ததிலிருந்து அங்கே ஏரியைப் பார்த்ததில்லை. நான் கிறுக்கி மாதிரி ஒரு சினிமாப் படத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மதகு இல்லை. மார்கழியில் வரும் கூழைக்கடாப் பறவைகள் இல்லை. நாங்கள் தூண்டில் போட்ட கல் இல்லை. அங்கம்மா இல்லை. என் அப்பாவும் இல்லை. ஏரியைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்ற அந்த வழக்கம் அடியோடு இல்லை. தண்ணீருக்கு மட்டும் எல்லாமே நினைவு இருந்தது. எத்தனையோ வருடக் குன்றை எந்த வழியாகச் சுற்றி வந்ததோ, தன் இடத்துக்கு வந்து படுத்துவிட்டது.

படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உதவிக்கு என்று டிவியில் சொன்ன எண்ணை அழைத்தேன். "படகு வந்துக்கிட்டே இருக்கும்மா" என்றது ஒரு குரல். மறுபடி அழைத்தபோதும் அதையே சொன்னது. பிறகு செல்போன் உயிரை விட்டது. ஜெசி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, இடுப்புல பிடிக்குதும்மா" என்றாள். சும்மா பிடிப்பா, வலியா என்று தெரியவில்லை. படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். யார் பெயரையும் சொல்லிக் கத்தவில்லை. வெறுமனே கத்தினேன். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

நாலு லாரி டியூபின் மேல் பலகை கட்டிய மிதவை ஒன்று சுற்றுச்சுவரைத் தாண்டி வந்தது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னம் மட்டும் அதே போல ஒட்டியிருந்தது. மிதவையைப் படியோடு அணைத்து நிறுத்தி, ஜெசியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பயந்துகினியா? புள்ளய மொதல்ல ஏத்து, நான் புடிச்சுக்கிறேன்."

அவளை ஏற்றி நடுவில் உட்கார வைத்தோம். நானும் ஏறினேன். அவர் கழியை ஊன்றினார். அது கீழே போய்க்கொண்டே இருந்தது. ஆழத்தைப் பார்த்துவிட்டு, எங்களிடம் இல்லை, தண்ணீரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்:

"இங்க நின்னுகினு தண்ணி இல்லன்னு சொன்னவன் நான்தான். அம்மா அப்பவே வாயக் கழுவச் சொல்லிச்சு."