வரிசையில் நின்ற குடங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு ஒரே ஒரு குழாய். கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. எழுபதுகளின் கடைசியில் கார்ப்பரேஷன்காரர்கள் சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று சொல்லி, அந்தக் குழாயைப் பிடுங்கிச் சாலைக்கு அந்தப் பக்கம், மிளகு மூட்டை ஏற்றும் லாரிகளுக்கு நடுவில் வைக்கத் திட்டம் போட்டார்கள். போட்டவர்களில் ஒருவராவது இடுப்பில் நிறைகுடத்தோடு லாரிக்கு முன்னால் சாலை தாண்டியிருப்பாரா? எனக்கு அப்போது ஏழாம் மாதம். வழுக்கி விழுந்தால் இரண்டு உயிர்.

ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவித்தார்கள். கூட்டம் வார்டு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் நாங்கள் சுக்குக் கிடங்கில் தரம் பிரித்துக்கொண்டிருப்போம். பாதியில் எழுந்து போனால் மறுநாள் வேலை கிடையாது. சந்தில் யாரும் வர முடியாத நேரமாகப் பார்த்து வைத்துவிட்டு, அதற்குப் பெயர் மக்கள் கருத்தாம்.

எங்கள் குழாயடியில் குடம் வரிசையில் இருந்தால் ஆளே நிற்பதாக அர்த்தம். குடத்துக்காரி எங்கே போயிருந்தாலும் அந்த இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதே நினைப்பில், காலையிலேயே பள்ளிக்கூட பெஞ்சுகளில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனோம். சாப்பாட்டு நேரத்தில் வந்து பேசலாம், அதுவரை எங்கள் இடம் போகாது என்று நம்பினோம். வேறு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

மதியம் ஓடிப்போய்ப் பார்த்தால் குடங்கள் வராந்தாவில் உருண்டு கிடந்தன. கூட்டம் முடிந்துவிட்டது, எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை என்றார்கள். கவுன்சிலரும் இன்ஜினியரும் உள்ளே சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர் வேறு யாருமில்லை, எங்கள் சந்து முனையில் குடியிருப்பவர்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குடம் அபிப்ராயம் பறயுமோ, சேச்சி?"

குடமா கருத்துச் சொல்லும் என்று கேலி! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாரே, உங்க வீட்டுக் குடமும் எங்க வரிசையிலதான் நிக்குது. உங்க வீட்டுக்காரி கோயிலுக்குப் போனப்ப, ஆளைக் காணோம்னு நாங்க என்னைக்காவது அதைத் தூக்கி எறிஞ்சிருக்கோமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் என் பின்னால் நின்றவள் கேட்டாள்: "சாயங்காலம் எறிஞ்சு பாப்பமா, அக்கா?"

இன்ஜினியருக்குச் சாயா புரையேறிவிட்டது. கவுன்சிலர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. நாங்கள் வாசலை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மறுபடி கூட்டம் என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகுதான் வழி விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போதவில்லை. தரையிலும் ஜன்னலிலும் உட்கார்ந்தோம். தமிழும் மலையாளமும் கலந்து கத்தினோம். எழுதி வந்ததைப் படிக்கவே அவர்களை விடவில்லை. சாலை எவ்வளவு வேண்டுமானாலும் அகலமாகட்டும், குழாய் சந்துக்குள்தான் என்று முடிவானது. கிழக்குக் கோடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழாயும் கேட்டு வாங்கினோம்.

மறுவாரம் இன்ஜினியர் சுண்ணாம்புக் கட்டியோடு வந்து, குழாய் வர வேண்டிய இடம் என்று சுவரோரமாக ஒரு குறி போட்டார். அங்கே சாக்கடை, தள்ளிப் போடுங்கள் என்றேன். காலால் தேய்த்து அழித்துவிட்டு, நான் காட்டிய இடத்தில் போட்டார்.