ஜன்னலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்

மைக்கின் தலையைக் கைக்குட்டையால் துடைத்தாகிவிட்டது. திருப்தியில்லாமல் இன்னொரு முறை துடைக்கிறார் மைக் செட்காரர். பிறகு விரல் நகத்தால் அதைச் சுண்டிப் பார்த்து, வாயை அருகில் கொண்டுபோய், "ஹலோ… ஹலோ…" என்கிறார். நகரசபை மண்டபத்தில் அவர் ஆற்றியிருக்கும் மொத்த உரையும் இவ்வளவுதான். அந்த மைக்கில் ஊரே பேசியிருக்கிறது, அழுதிருக்கிறது, ஒருவரையொருவர் திட்டியிருக்கிறது. அவர் மட்டும் இதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் அவருக்கு 'ஹலோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியவர்களுக்கு ஹலோ, சின்னவர்களுக்கு ஹலோ அண்ணன். அதற்காக அவர் கோபித்துக்கொள்வதில்லை. "போனை எடுத்தா உலகமே முதல்ல என் பேரைத்தானே சொல்லுது" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

ஒல்லியான ஆள். தோளில் எப்போதும் ஒரு வயர்ச் சுருள். சட்டைப் பையில் டெஸ்டர், கறுப்பு டேப், ஒரு சீப்பு. வயரைச் சுற்றும் வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். உதவுகிறேன் பேர்வழி என்று யாராவது கை வைத்தால் போதும், "விடுங்க, விடுங்க. தப்பா முறுக்குனா வயர் மனசுல வச்சுக்கும்" என்று பிடுங்கிக்கொள்வார். பேச வருகிறவரின் நடையைப் பார்த்தே மைக்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடுவார். கத்தப்போகிறவர் என்றால் ஸ்டாண்டைச் சத்தமில்லாமல் ஒரு முழம் பின்னால் இழுத்துவிடுவார். தொண்டை அடைத்து, காகிதம் நடுங்க வருகிறவரிடம், "கிட்ட வந்து பேசுங்க, கடிக்காது" என்பார். சில சமயம் கணிப்பு தவறும். சாதுவாக வந்து நின்ற ஒரு பெரியவர் வாயைத் திறந்ததும் மண்டபத்துக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பேச்சு ஆரம்பித்துவிட்டால் ஒலியைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஆளும் தரப்புக்கும் அதே சத்தம், எதிர்த் தரப்புக்கும் அதே சத்தம். "எனக்குக் கட்சி கிடையாது. கனெக்‌ஷன் மட்டும்தான்" என்பது அவருடைய பிரசித்தி பெற்ற வாக்கியம். ஊர் இரண்டுபட்டுக் கிடந்த இந்தக் காலத்திலும் இரண்டு தரப்பும் தங்கள் கூட்டங்களுக்கு அவரையே கூப்பிட்டதற்கு இதுதான் காரணம். இரண்டு தரப்பும் அவரைச் சந்தேகப்பட்டதற்கும் இதுதான் காரணம்.

சண்டை, மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பழைய தெருவைப் பற்றியது. பெருநகரம் நீண்டு வந்து இந்த ஊரைத் தொட்ட பிறகு, அந்த ஒரு தெருதான் பழைய முகத்தோடு மிச்சமிருக்கிறது. உயரமான கல் படிகள், செதுக்கிய கதவுகள், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகள். அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, வீட்டு முகப்பில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டும் என்கிறார் ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். வரிசை முழுவதையும் இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே அடுக்குமாடியுமாகக் கட்ட வேண்டும் என்கிறார் கட்டட கான்ட்ராக்டர். டீச்சர் பக்கத்து வீடுகளின் ஜன்னலில் பச்சை அட்டை, கான்ட்ராக்டர் பக்கத்து வீடுகளில் மஞ்சள் அட்டை. பச்சை அட்டைத் தையல்காரரும் மஞ்சள் அட்டை சலவைக் கடைக்காரரும் அடுத்தடுத்த கடை. முன்பெல்லாம் ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் கல்லாவைப் பார்த்துக்கொள்வார். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஹலோவின் வீடு அதே தெருவில், மண்டபத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அதன் ஜன்னலில் எந்த அட்டையும் கிடையாது. அங்கே இருப்பது அவருடைய மனைவியின் முகம்.

அந்த அம்மாள் பஸ் கண்டக்டராக இருந்தவர். மைக் செட்காரர் கட்டிக்கொண்டது மைக்கே தேவையில்லாத ஒரு குரலை என்று ஊர் கேலி செய்யும். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல என்ன வேடிக்கை" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பயந்து கூட்டம் தானாக நகர்ந்த காலம் உண்டு. ஓடுகிற பஸ்ஸின் படியில் ஒருநாளும் தவறாத கால், வீட்டுக் குளியலறையில் தவறியது. அதிலிருந்து சக்கர நாற்காலி. வாசலிலோ அழகான, செங்குத்தான கல் படிகள். வெளியே போக வேண்டுமென்றால் கணவர் தூக்கித்தான் இறக்க வேண்டும். அவருக்கும் இடுப்பு முன்போல் இல்லை. ஆகவே மருத்துவமனைக்கு மட்டும் இறங்குவது என்று ஆகிவிட்டது. "என் பஸ்ல ஏறாத ஜனம் இந்த ஊர்ல கிடையாது. இப்ப நான் இறங்க ஒரு ஸ்டாப்பிங் இல்ல பாருங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிறவருக்குத்தான் சிரிப்பு வராது.

படியின் ஓரத்தில் ஒரு சரிவுப் பாதை வைத்துக்கொள்ளலாமா என்று, யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாமல், இரண்டு தரப்பிடமும் ஹலோ கேட்டுப் பார்த்தார். "முகப்பைத் தொடக் கூடாதே, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் டீச்சர். கான்ட்ராக்டர் தோளில் தட்டி, "எதுக்கு வீண் வேலை? எப்படியும் இடிக்கத்தானே போறோம். புதுசுல லிஃப்டே வரும்" என்றார். லிஃப்ட் என்றதும் அவர் மனம் கொஞ்சம் சாய்ந்தது உண்மை. வீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தார். "கட்டி முடிக்கிற வரைக்கும் நம்மளை ஊர்க்கோடியில கொண்டுபோய் வைப்பாங்க. அங்கே ஜன்னலைத் திறந்தா யாரைத் தெரியும் எனக்கு?" என்று அம்மாள் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

நகரசபை மண்டபம் மாடியில் இருக்கிறது. அதுவும் பழைய கட்டடம்தான், லிஃப்ட் கிடையாது. கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஹலோ தெருப் பக்க ஜன்னலில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் தொங்கவிடுவார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக என்று சபையில் சொல்லிவைத்திருக்கிறார். நல்ல காரணம்தான். ஆனால் அந்தக் குழாயின் வாய் தெருவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து இருக்காது. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கும். மண்டபத்துக்குள்ளே சுவரோரம் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள். அவையும் பொதுமக்களைப் பார்த்துத்தான் இருக்கும், தலைவர் மேசைப் பக்கம் திரும்பாது. சத்தம் தலைவலியாக இருக்கிறது என்று மேசைக்காரர்கள் முன்பொருமுறை புகார் செய்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே இரண்டாவது கூட்டம் ஆரம்பமாகும். யார் உளறினார், யார் யாருக்கு ஜால்ரா போட்டார் என்று அம்மாள் விளாசித் தள்ளுவார். கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

"தெரு இருக்கட்டும், வீடு இருக்கட்டும். ஏறி இறங்க ஒரு சரிவு வைக்க விடட்டும். இதைச் சொல்ல ஒரு வாய் இல்லையா அந்த மண்டபத்துல?"

"நான் மைக் போடற ஆளு. நான் போய் எப்படிப் பேசறது?"

"நல்ல தொழிலுங்க உங்களுது. ஊர்ல இருக்கறவன் வாயையெல்லாம் பெருசாக்கறீங்க, உங்க வாயை மட்டும் தைச்சு வச்சிருக்கீங்க."

அவர் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார். சுற்றி முடித்த வயரைப் பிரித்து மறுபடி சுற்றுவார். மனம் உறுத்துகிறது என்று அர்த்தம்.

தெருவின் தலையெழுத்தை முடிவு செய்யும் கூட்டம் போன வாரம் மாலையில் நடந்தது. மண்டபம் நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, கீழே தெருவும் நிரம்பியிருந்தது. டீச்சர் அருமையாகப் பேசினார். "அந்தக் கல் படிகளைப் பாருங்க. எத்தனை தலைமுறை ஏறி இறங்கின படிகள்!" என்றார். அடுத்து வந்த கான்ட்ராக்டர், "என்னங்க தலைமுறை? சாயங்காலம் போய்ப் பாருங்க, அந்தத் தெருவுல ஆள் நடமாட்டமே கிடையாது. செத்த தெரு" என்றார்.

"நடமாட்டம் இல்லதான்! ஏன்னு யாராவது கேட்டீங்களா?"

மைக் வழியாக வந்த குரல் அல்ல அது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து தெருவைத் தாண்டி, கூட்டத்தின் தலைக்கு மேலாக மண்டபத்துக்குள் நுழைந்திருந்தது. ஹலோவின் காது சிவந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மைக்கைப் பார்த்தார்.

தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் விதி பிசகாதவர். மேசையிலிருந்தபடியே குரல் கொடுத்தார். "மைக் முன்னாடி பேசினாதாம்மா கணக்குல வரும். பேசணும்னா இங்க வாங்க."

"வந்தாப் போச்சு!" என்று பதில் வந்தது. அடுத்த நிமிஷம் தெருவில் பழைய கண்டக்டரின் உத்தரவு ஒலித்தது. "ஏ தையலு! ஏ சலவை! ரெண்டு பேரும் வாங்க இங்க!"

பச்சையும் மஞ்சளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். ஆனால் ஒரு நாற்காலியைப் படியில் இறக்குவதற்குப் பேசித்தான் ஆக வேண்டும். "உன் பக்கம் தாழுது." "நீ முதல்ல காலைப் பார்த்து வை." "இரு, இரு… இப்ப தூக்கு." நாற்காலி தெருவில் இறங்கியதும் இருவரும் மூச்சு வாங்கினார்கள். சலவைக்காரர் தம் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் யோசிக்காமல் அதைத் தையல்காரரிடம் நீட்டினார். அவரும் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் விலகி வழிவிட, நாற்காலி மண்டபத்தின் வாசலுக்கு வந்து நின்றது. அதற்குமேல் மாடிப்படி. குறுகலாகத் திரும்பித் திரும்பி ஏறும் படி, அதில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜனம் வேறு. நாற்காலியோடு ஏற வழியே இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல்களில் குவிந்தார்கள். டீச்சரும் ஒரு ஜன்னலுக்கு வந்தார். கீழே நாற்காலியைப் பார்த்தார், எதிர்வீட்டுக் கல் படிகளைப் பார்த்தார். பின்னால் எட்டிப்பார்த்த கான்ட்ராக்டருக்குச் சற்று ஒதுங்கி இடம் கொடுத்தார்.

"மைக் முன்னாடி வந்தாத்தான்…" என்று தலைவர் தயங்கினார். அவருக்கே அந்த விதி கசந்திருக்க வேண்டும்.

ஹலோ தம் இடத்திலிருந்து எழுந்தார். ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றினார். தோளிலிருந்த வயர்ச் சுருளை இறக்கி, மைக் வயரோடு சேர்த்து இணைத்தார். ஜன்னலுக்குப் போய், கிணற்றில் வாளி விடுவதுபோல் மைக்கைக் கையால் நிதானமாக, சுவரில் இடிக்காமல், கீழே இறக்கினார். தையல்காரர் எட்டிப் பிடித்து அம்மாளின் கையில் கொடுத்தார்.

அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "எனக்கெதுக்குங்க மைக்கு?" என்றார். சொன்னாரே தவிர, புடவைத் தலைப்பால் அதன் தலையைத் துடைத்தார். நகத்தால் சுண்டினார். "ஹலோ… ஹலோ…"

ஜன்னலில் தொங்கிய குழாய் ஸ்பீக்கர் ஊய்ய்ங் என்று ஊளையிட்டது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. கீழே மைக், அதற்கு நேர் மேலே குழாய் என்றால், குழாயின் சத்தம் திரும்ப மைக்குக்குள்ளேயே புகுந்து ஊளையிடாமல் வேறென்ன செய்யும்? தொழில் பழகியவர் எவரும் செய்யாத தவறு அது. அவசரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

ஹலோ பதறவில்லை. கட்டை அவிழ்த்து, குழாயைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்து உள்ளே தூக்கி வந்தார். காலி நாற்காலி ஒன்றை மண்டபத்தின் நடுவே இழுத்துப் போட்டார். அதன்மேல் குழாயை வைத்து, வாயைத் தலைவரின் மேசைக்கு நேராகத் திருப்பிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்.