வென்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள்

இந்த ஊர் உதைபந்தாட்ட அணி கிண்ணம் வென்ற மறுநாள், நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். வென்றவர்களில் இருவர் எங்களோடு மீன் வெட்டுகிறவர்கள். ஆளுக்கொரு துண்டைத் தின்றுவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினோம். கைதட்டல்கூட அளந்துதான் வந்தது. நோர்வேயின் வடக்கில் இத்தனை காலம் இருந்தும், சந்தோஷத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பது எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரான சல்லியில் பெடியள் வென்றால் கடற்கரை வெடியில் அதிரும். மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்தபடி திருகோணமலை டவுன்வரை போய்வரும்.

அந்தப் பெடியள் இம்முறை மாவட்டக் கிண்ணத்தை வென்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் என் தம்பி நிரோஜன். இறுதி ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. உடல் கிடைக்காததால் அம்மா ஒரு கிரியையும் செய்ய விடவில்லை. அவன் வருவான் என்பதுதான் அவருடைய ஒரே கதை. வென்றதும் பெடியள் நிரோஜனின் ஜேர்சியைக் கிண்ணத்தின் பக்கத்தில் விரித்து, ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார்கள். பிறகு வெடி கொளுத்தி ஆடினார்கள். அந்த வீடியோ பரவியதும் ஊரும் வெளிநாடும் சேர்ந்து அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஈரம் காய முதல் வெடி கேட்குதோ என்று, நிரோஜனைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூட எழுதினார்கள்.

அணித் தலைவன் ரஜீவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, வெடி போட்டதெண்டு ஊரே ஏசுது. உங்கட அம்மா என்னெண்டா, வீட்டு வாசல்ல வந்தும் போடச் சொல்லுறா. எங்களுக்கு ஏலாதக்கா. நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ."

கதைத்தேன்.

"வெடி போட்டா என்ன? நிரோஜன் நிண்டிருந்தா அவன்தான் முதல் கொளுத்தியிருப்பான்" என்றார் அம்மா. "அவங்கள் ஆரைக் கேட்டுத் தலையைக் குனிஞ்சு நிண்டவங்கள்? என்ர பிள்ளை செத்ததெண்டு ஆர் சொன்னது?"

அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ரஜீவனைத் திரும்ப அழைத்தேன்.

"போய்க் கொளுத்துங்கோ தம்பி. ஆரும் ஏசினா, நான்தான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரி இங்கெர் என் போனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஜேர்சி யாருடையது என்று கேட்டாள். தம்பியுடையது, கடலில் காணாமல் போய்விட்டான் என்றேன். "கொண்டொலேரெர்" என்றாள். செத்தவீட்டில் சொல்லும் சொல் அது. "இல்லை, அம்மா இன்னும்..." என்று தொடங்கினேன். என் நோர்வே மொழி அதற்குமேல் போகவில்லை. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் கடல்கார வீட்டுப் பெண்தான்.

மறுநாள் இடைவேளைக்குப் போனபோது மேசையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் இங்கெரின் ஏற்பாடு. எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். நானும் நின்றேன். அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் அழைத்தார். துண்டிக்க மனம் வரவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு எடுத்தேன். எங்கள் வாசலில் பெடியள் சரவெடியைக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். என் உள்ளங்கைக்குள் அது சத்தமில்லாமல் வெடித்தது. புகைக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, குனிந்திருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.