அண்ணி கேட்ட கேள்வி

எங்க அண்ணி ஒரு கேள்வி கேட்டாங்கன்னா, பதில் வர்ற வரைக்கும் மறுபடி வாயைத் திறக்க மாட்டாங்க. எனக்கோ மூக்கு மேல கோபம். "காபியா, டீயா?"ன்னு கேட்டுட்டு அப்படியே முகத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. "ஐயோ அண்ணி, கையில கிடைக்கிறதைக் கொடுங்களேன்!"ன்னு கத்துவேன்.

இது வெறும் சுபாவம் இல்லீங்க, ஆராய்ச்சி! அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்தப்போ அவங்க ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். பகல்ல போன், சாயங்காலம் காலேஜ்ல மாலை வகுப்புல படிப்பு. போன்ல அழுறவங்களை அவசரப்படுத்தாம இருந்தா அவங்களே விஷயத்தைச் சொல்லிடுவாங்கன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டாங்களாம். அதையே பிடிச்சுக்கிட்டுப் போய் தொடர்பியல்ல டாக்டர் பட்டமும் வாங்கிட்டாங்க. டேப் ரெக்கார்டரோட வகுப்பு வகுப்பா உட்கார்ந்து, வாத்தியாருங்க கேள்வியைக் கேட்டுட்டு, பிள்ளைங்க யோசிக்கிறதுக்குள்ள தாங்களே பதிலையும் சொல்லிடுறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. "இதுக்கா இத்தனை வருஷம்? என்னைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேனே"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

அப்புறம் விரிவுரையாளர், துறைத் தலைவர், கடைசியில டீன். நான் அதே காலேஜ் ஆபீஸ்ல சூப்பரின்டெண்ட். கேட்டுக்குள்ள அவங்க மேடம், வெளிய வந்தா அண்ணி.

போன வருஷம் நிர்வாகக் குழுவுல பொருளாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மாலை வகுப்பை மூடிடணுமாம். "கூட்டம் குறைஞ்சு போச்சு. காலி பெஞ்சுக்கு எதுக்கு லைட்டு, ஃபேனு?"ன்னார். அண்ணிக்கு முகமே செத்துப்போச்சு. பகல் பூரா கடையிலயும் பேங்க்லயும் நின்னுட்டு வர்ற பிள்ளைங்க, படிக்கிறதுக்கு அவங்களுக்கு வேற வழி கிடையாது. அண்ணிக்கும் ஒரு காலத்துல கிடையாது.

முடிவெடுக்கிற கூட்டத்துல நான்தான் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தேன். அண்ணி இன்னைக்கு எல்லாரையும் வெளுத்து வாங்கப் போறாங்கன்னு பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருந்தா, அவங்க எழுந்து நின்னு சொன்னது இவ்வளவுதான்: "மூடுறதுன்னா மூடுங்க. அந்தப் பிள்ளைங்க இன்னைக்குச் சாயங்காலம் வகுப்புக்கு வருவாங்க. நம்மள்ல யாரு போய் அவங்ககிட்ட சொல்றது?"

உட்கார்ந்துட்டாங்க.

குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். துடைச்சதையே மறுபடி துடைச்சார். பிரின்சிபால் தண்ணி பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், ஆனா ஒரு வாய் குடிக்கல. எனக்கு நாக்கு நமநமங்குது. ஏதாவது பேசுங்களேன்னு கத்தணும் போல இருந்துச்சு. அண்ணி மட்டும் கல்லுப் பிள்ளையாரா உட்கார்ந்திருக்காங்க.

கடைசியில பொருளாளர்தான் நெளிஞ்சார். "என்னால முடியாது."

"கொண்டு வந்ததே நீங்கதானேய்யா?"ன்னார் தலைவர்.

"என் மருமக அதுலதான் படிக்குது." மென்னு முழுங்கினார். "மூடப் போறோம்னு வீட்டுல இன்னும் மூச்சு விடல."

பிரின்சிபால்தான் முதல்ல சிரிச்சார். அப்புறம் மேஜையே குலுங்குச்சு. "உங்க வீட்டுல சொல்லவே உங்களுக்கு தைரியம் இல்ல, நாங்க போய் மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட சொல்லணுமாக்கும்!"ன்னு தலைவர் அந்த ஃபைலை ஓரமாத் தள்ளினார். வகுப்பு நடக்கட்டும்னு முதல்ல கை தூக்கினது யாருங்கிறீங்க? பொருளாளரேதான்!

வராந்தாவுக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியல. "அண்ணி, சாமர்த்தியம்னா உங்க சாமர்த்தியம்தான்! ஆனா ஒண்ணு, ஒருத்தருமே வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"நான்தான் போய்ச் சொல்லியிருக்கணும்"னாங்க. "எப்படிச் சொல்றதுன்னு காலையில கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். முதல் வார்த்தையே வரல."

கையைப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. இத்தனை வருஷமா நான் அழுத்தம்னு நினைச்சிருந்த மனுஷி! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

மாலை வகுப்புக்கு மணி அடிச்சது. புடவையைச் சரி பண்ணிக்கிட்டு அண்ணி மாடிப்படி ஏறினாங்க. மேல பெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு.