செவலைக்கு ஒரு கூட்டு

சந்தனமாரிக்குக் குதிரை என்றாலே ஆகாது. இதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை. மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் அவளோடு முறம் பிடிக்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரியும். புருஷன் தங்கதுரைக்கு நன்றாகவே தெரியும். நாள் முழுக்கச் சுக்குத் தூசியில் தும்மிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே குதிரை லத்தி நாற்றம் வாசலுக்கு வந்து வரவேற்கும். எந்த மனுஷிக்குத்தான் பிடிக்கும்?

தங்கதுரை கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரைவண்டி ஓட்டியவர். ராஜபாளையம் பக்கத்திலிருந்து பெண்டாட்டியோடு கொச்சிக்கு வந்து சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கம்பத்துக்காரர் முகமது இஸ்மாயில்தான் தொழிலில் துணை. இரண்டு குதிரைகள், ஆளுக்கு ஒன்று. இஸ்மாயிலுடையது வெள்ளை. வெள்ளை வேட்டி கட்டின பெரிய மனுஷன் போல நிமிர்ந்து நடக்கும் என்பதால் அதற்கு மைனர் என்று பேர். தங்கதுரையுடையது செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. அதன் பேர் செவலை. மாப்பிள்ளைமார் எல்லாரும் வெள்ளையைத்தான் கேட்பார்கள். செவலை வண்டி இழுக்கும், போட்டோவில் வராது. இரண்டும் தங்கதுரை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

கலூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மைனருக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தபோது தங்கதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ரயிலேறிய பின், சந்தனமாரியின் வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனது.

இஸ்மாயில் களமசேரியில் மச்சான் இடத்துக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். அங்கே புல்லும் இடமும் இருந்தன, வேறு குதிரைகளும் இருந்தன. மைனரை ஏற்றிப்போக வண்டியோடு வந்தவர், செவலையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, இதையும் ஏத்திக்கிறேன். தனியாளா நீ இதை வச்சுக்கிட்டு என்ன செய்வே?"

மனிதர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அந்தத் 'தனியாள்' என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, இனிக் குதிரைக்காரரும் சொல்ல வேண்டுமா?

"இது எங்க வீட்டுக் குதிரை பாய். எங்க வீட்டுலயே நிக்கட்டும்" என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை மைனர் கனைத்துக்கொண்டே போனது. கொட்டகையிலிருந்து செவலை பதில் கொடுத்தது. மறுநாளும் அது அவ்வப்போது கனைத்தது. பதில் வராததால் நிறுத்திக்கொண்டது. அடங்கிவிட்டதே என்று சந்தனமாரிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வீம்புக்கு வைத்துக்கொண்ட குதிரைதான். ஆனால் வீம்பில் தொடங்கியதை அவள் ஒழுங்காகச் செய்தாள். தங்கதுரை செய்ததை எல்லாம் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். பார்த்தது வீண் போகவில்லை. காலையில் கிடங்குக்குப் போகுமுன் ஒவ்வொரு காலாகத் தூக்கி மடியில் வைத்து, கொக்கிக் கம்பியால் குளம்புக்குள் இருக்கும் சேற்றை நோண்டி எடுப்பாள். குளம்பில் ஈரம் தங்கினால் அழுகும். மட்டாஞ்சேரியிலோ ஈரம் தங்காத இடமே இல்லை. வைக்கோலைப் பூஞ்சை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் போடுவாள். சாயங்காலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடங்குத் தெருவழியே நடத்திப் போவாள். கடற்கரையில் சவாரிக்கு விடலாமே என்று கேட்டு வந்தவர்களை அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அது உழைத்தது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நடக்கும்போது பேச்சும் வளர்ந்தது. கிடங்கு மேஸ்திரியின் முறைப்பு, சோறு குழைந்துபோனது, கனவில் தங்கதுரை வந்து செருப்பைத் தேடியது என்று எல்லாம் செவலையின் காதுக்குத்தான் போகும். உயிரோடு இருந்த புருஷனிடம்கூட அவள் இத்தனை பேசியதில்லை.

தூக்கமும் அப்படித்தான் திரும்பி வந்தது. தங்கதுரை போன புதிதில் அவளுக்குக் கண் மூடவே இல்லை. அப்புறம் தலைமாட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் செவலை கால் மாற்றி வைக்கும் சத்தம் காதில் பழகியது. கல் தரையில் குளம்பு ஒரு தட்டுத் தட்டும், சற்று இடைவெளி விட்டு இன்னொரு தட்டு. பக்கத்தில் ஓர் உயிர் விழித்திருக்கிறது என்று தெரிந்ததும் இவள் கட்டையாகத் தூங்கிப்போவாள்.

மழை வெறித்த சமயத்தில்தான் அந்தக் காயங்களைக் கண்டாள். இரண்டு முன்னங்காலிலும், குளம்புக்குச் சற்று மேலே, தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். தரைதான் உரசுகிறதோ என்று மணலைக் கொட்டிப் பரப்பினாள். ஆறுவதும் மறுபடி உரிவதுமாக இருந்தது. கண்களும் எந்நேரமும் சொருகியே கிடந்தன. பயந்துபோய் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டாள்.

வந்தது சுனிதா என்ற இளவயது டாக்டர். வேறெங்கோ ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்ததால் பறக்கிற அவசரத்தில் இருந்தாள். மலையாளத்தில் என்னென்னவோ கேட்டாள். சந்தனமாரியின் மலையாளம் கடைக்கும் கிடங்குக்கும் காணும், டாக்டருக்குக் காணாது. புரிந்ததற்குப் பதில் சொன்னாள், புரியாததற்குத் தலையாட்டினாள். காயத்துக்குக் களிம்பு கொடுத்துவிட்டு டாக்டர் ஸ்கூட்டரில் ஏறினாள்.

"மருந்தல்ல சேச்சி, இதினு ஒரு கூட்டு வேணம். கூட்டில்லெங்கில் ஒறங்கில்ல."

இது சந்தனமாரிக்குத் தெளிவாகப் புரிந்தது. கூட்டு இல்லாவிட்டால் தூங்காதாம். பின்னே, வெறும் வைக்கோலும் தவிடும் தின்றால் எதற்குத்தான் தூக்கம் வரும்?

அன்றே கொள்ளை ஊறப்போட்டாள். கொள்ளும் பாசிப்பயறும் வேகவைத்து, பூசணிக்காய் அரிந்து போட்டு, தவிடு கலந்து, வெல்லம் துளி சேர்த்து, உப்பும் மிளகாயும் மட்டும் விட்டுவிட்டு ஒரு கூட்டு வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, மணம் நன்றாயிருக்கிறதே, என்ன விசேஷம் என்று மலையாளத்தில் விசாரித்தாள். செவலை வாளியை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. சந்தனமாரிக்குப் பெருமை தாங்கவில்லை. தனக்கு ரசம் மட்டும் வைத்துக்கொண்ட நாளில்கூடச் செவலைக்குக் கூட்டு தவறவில்லை.

காயம் மட்டும் ஆறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செவலை நின்றபடியே கண் மூடியது. தலை மெல்லத் தாழ்ந்தது. திடீரென்று முன்னங்கால்கள் இரண்டும் மடங்கி, அத்தனை பெரிய உடம்பு அப்படியே முன்னால் சரிந்தது. குளம்புக்கு மேலே மடங்கின இடம் தரையில் தேய்ந்தது. மறுகணமே திடுக்கிட்டு விழித்து, தடுமாறி எழுந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. கீரையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மறுபடி ஆள் விட்டாள்.

டாக்டர் இந்த முறை அவசரமில்லாமல் வந்தாள். காலைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள்.

"கூட்டு கிட்டியோ சேச்சி?"

"கெடச்சுது டாக்டரே. ரெண்டு நேரமும் நல்லாத் திங்குது."

டாக்டர் அவளையே பார்த்தாள். அப்புறம் வாளியைப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், சந்தனமாரியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். தமிழில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தாள்.

"துணை. துணை சேச்சி. வேற ஒரு குதிர."

மெதுவாக, பாதித் தமிழில், விளக்கினாள். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் அசந்து தூங்க அது தரையில் படுத்தாக வேண்டும். படுத்துவிட்டால் சட்டென்று ஓட முடியாது. அதனால் பக்கத்தில் இன்னொரு குதிரை நின்று காவல் பார்த்தால்தான் பல குதிரைகள் படுக்கும். தனியாக நிற்கிறது படுக்கப் பயப்படும். படுக்காமல் இருந்து இருந்து, ஒரு நாள் நின்ற நிலையிலேயே தூக்கம் அடித்துச் சாய்த்துவிடும். இப்படியே விட்டால் கால் போய்விடும். மற்றக் குதிரை போனதற்கப்புறம் இது படுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

சந்தனமாரி யோசித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடப் பார்த்த ஞாபகம் இல்லை. வயிற்றிலோ விலாவிலோ வைக்கோல் ஒட்டியிருந்த ஞாபகமும் இல்லை.

"நான் இருக்கேன்ல?" என்றாள்.

டாக்டர் செவலையின் நெற்றியைத் தடவினாள். "சேச்சி குதிர அல்லல்லோ" என்றாள்.

அது உண்மைதான், கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. சந்தனமாரிக்குத் துணையாகச் செவலை இருந்தது. அதற்குத் துணையாக இவள் இருக்கவே இல்லை. அந்தக் குளம்புச் சத்தம் நினைவுக்கு வந்தது. படுக்கப் பயந்து அது நின்றுகொண்டே இருந்திருக்கிறது. அது விழித்து நிற்கிறது என்ற தைரியத்தில் இவள் பலகைக்கு இந்தப் பக்கம் கை காலை நீட்டித் தூங்கியிருக்கிறாள்.

உடனே அனுப்பிவிட அவளுக்கு மனசு வரவில்லை. சிலதுக்கு ஆடு இருந்தால்கூடப் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மட்டாஞ்சேரியில் ஆட்டுக்கா பஞ்சம்? அம்முவின் ஆட்டைக் கேட்டு வாங்கிக் கட்டினாள். அது செவலையின் கூட்டைத் தின்றது, தாம்புக்கயிற்றையும் தின்றது, பொழுது சாய்ந்ததும் கத்திக் கலவரம் பண்ணி அம்மு வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு முழுக்க அவளே செவலையின் பக்கத்தில் நின்று பார்த்தாள். செவலை அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. ஆனால் படுக்கவில்லை. அன்றைக்கு அதன் காயத்தில் களிம்பு போடும்போது அவள் வாய்விட்டு அழுதாள்.

இஸ்மாயிலுக்கு அவளே போன் செய்தாள். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. வண்டி கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவள்தான் நிபந்தனைகளை அடுக்கினாள்: வண்டியில் பூட்டக் கூடாது, யாரையும் ஏற்றக் கூடாது, சலங்கை கட்டக் கூடாது, குளம்பை நாள் தவறாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் சரி சொன்னார்.

களமசேரியில் வண்டிக் கதவைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து செவலை கனைத்தது. வேலிக்கு அப்பாலிருந்து மைனர் பதில் கொடுத்தது. அவிழ்த்துவிட்டதும் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தன. ஒன்றன் பிடரியை ஒன்று பல்லால் வருடிக் கொடுத்தன. செவலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் என்று சந்தனமாரி எதிர்பார்த்தாள் என்பதை மறைப்பானேன்.

இஸ்மாயில் வீட்டில் சாயா கொடுத்தார்கள். குடித்துவிட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மர நிழலில் செவலை நான்கு கால்களையும் நீட்டி, தலையை மண்ணில் போட்டுக் கிடந்தது. செத்தே போய்விட்டது என்று ஒரு நொடி அவளுக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் குறட்டை கேட்டது. குறட்டை என்றால் தங்கதுரையின் குறட்டை போல வீட்டை இடிக்கிற குறட்டை. மைனர் அதற்குப் பக்கத்தில், அசையாமல், காதை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றது.

"கிட்டப் போய்க் கூப்பிடு தங்கச்சி. சொல்லிட்டுப் போனாத்தானே மனசு ஆறும்" என்றார் இஸ்மாயில்.

"வேணாம் பாய். எழுப்பாதீங்க. இப்பத்தான் படுத்திருக்கு."

வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்து, பஸ் பிடித்து, வைட்டிலாவில் மாறி, வீடு வந்து சேர்ந்தாள். கொட்டகையைக் கூட்டி அள்ளினாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். மதிலுக்கு மேலே அம்முவின் தலை தெரிந்தது.

"செவல போயோ? இனி சேச்சிக்கு கூட்டினு ஆரா?"

இந்தத் தடவை அந்தச் சொல் அவளுக்குச் சரியாகப் புரிந்தது. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. விளக்கைப் போட்டு, பலகைச் சுவரை ஒட்டிப் பாயை விரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.